லிஸ்பனில் ‘பூட்டிக் ஹோட்டல்’ பதிவு செய்கிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: கடைசி நேர அறை மாற்றத்துக்குச் ‘சரி’ என்று பதில் அனுப்பிவிடாதீர்கள்

கடந்த மே மாதம் என் மனைவி, 68 வயதான என் அம்மா, நான் ஆகிய மூவரும் போர்ச்சுகலின் லிஸ்பன் நகரில் நான்கு இரவு தங்குவதற்காக, அல்ஃபாமா பகுதியிலுள்ள ஒரு ‘பூட்டிக் ஹோட்டலுக்கு’ (தனி அழகோடு அமைந்த சிறு ஹோட்டல் என்ற பொருளில் சொல்வது) 744 யூரோவை முன்னதாகவே கட்டியிருந்தோம். பணம் கட்டிய அறையை நாங்கள் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. வேறொரு கட்டடத்தின் உச்சியில், லிஃப்ட் இல்லாத ஓர் அறையில் ஓர் இரவைக் கழித்துவிட்டு, மறுநாள் காலையில் சொந்தச் செலவில் வேறு ஹோட்டலுக்கு மாறினோம். பணத்தைத் திரும்பக் கேட்டபோது, அறை மாற்றத்துக்கு நீங்கள்தானே சம்மதித்தீர்கள் என்று, நாங்கள் அனுப்பிய ஒரு வரிச் செய்தியையே எங்களுக்கு எதிராகக் காட்டினார்கள். வயதானவர்களை அழைத்துக்கொண்டு ஐரோப்பிய நகரங்களுக்குப் போகத் திட்டமிடுகிற வேறு யாருக்கும் இது நேரக்கூடாது என்பதற்காக நடந்ததை முழுமையாக எழுதுகிறேன். வங்கியில் எங்கள் முறையீடு இன்னும் முடியாததால் விடுதியின் பெயரையும் முன்பதிவுத் தளத்தின் பெயரையும் குறிப்பிடவில்லை.

அந்த விடுதியை நாங்கள் அவசரத்தில் தேர்ந்தெடுக்கவில்லை. அம்மாவுக்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் வலது முழங்காலில் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. சமதளத்தில் நன்றாக நடப்பார், படி ஏறுவதுதான் சிரமம். ஆகவே பணம் கட்டுவதற்கு முன்பே, லிஃப்ட் உண்டா, தெருவிலிருந்து வாசல்வரை படிகள் இருக்கின்றனவா என்று தளத்தின் செய்திப் பகுதியில் கேட்டோம். லிஃப்ட் உண்டு, டாக்சி வாசல்வரை வரும் என்று அன்றே பதில் வந்தது. படங்களில் நீலமும் வெள்ளையுமான ஓடுகள் பதித்த சுவர், தேஜோ ஆற்றைப் பார்த்த சிறு பால்கனி, மூவருக்குத் தாராளமான அறை எல்லாம் இருந்தன. விசாவுக்காக முதலில் ரத்து செய்யக்கூடிய கட்டணத்தில்தான் பதிவு செய்திருந்தோம். விசா கைக்கு வந்த பிறகு, 90 யூரோ குறைகிறதே என்று, அதே அறையைத் திரும்பப் பெற முடியாத கட்டணத்துக்கு மாற்றினோம். எங்கள் கையிலிருந்த ஒரே பிடியை நாங்கள் விட்டது அந்த இடத்தில்தான்.

பயண நாளன்று ஃபிராங்க்ஃபர்ட்டில் அடுத்த விமானத்துக்காக வரிசையில் நின்றுகொண்டிருந்தபோது, மனைவியின் வாட்ஸ்அப்புக்கு ஒரு செய்தி வந்தது. உங்கள் அறையில் தண்ணீர்க் குழாய் உடைந்துவிட்டது, 200 மீட்டர் தொலைவிலுள்ள எங்களுடைய இன்னொரு கட்டடத்தில் இதே தரத்தில் அறை ஒதுக்கியிருக்கிறோம், தயவுசெய்து உறுதி செய்யுங்கள் என்று அதில் இருந்தது. கையில் பாஸ்போர்ட்டும் பையுமாக நின்றவர் ‘சரி, நன்றி’ என்று பதில் அனுப்பிவிட்டு விமானத்தில் ஏறினார். அவரைக் குறை சொல்வதற்கில்லை; நானாக இருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன். அந்த நேரத்தைப் பார்த்துத்தான் இப்படிச் செய்தி அனுப்புகிறார்கள் என்பது, பிறகு இதே அனுபவம் பெற்ற சிலரிடம் பேசியபோதுதான் எனக்குப் புரிந்தது.

அல்ஃபாமாவின் அமைப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் 200 மீட்டர் என்ற சொல் அங்கே வேறு பொருள் தரும். 1755 நவம்பர் 1 அன்று லிஸ்பனை அழித்த நிலநடுக்கத்துக்குப் பிறகு, ஆற்றங்கரையை ஒட்டிய பைஷா பகுதியை மார்க்விஸ் பொம்பால் நேர்நேரான தெருக்களாகத் திருப்பிக் கட்டினார். குன்றின் மேலிருந்த அல்ஃபாமா பெருமளவு தப்பித்துக்கொண்டதால், அதன் பழைய சந்துகளும் படிக்கட்டுத் தெருக்களும் அப்படியே நிலைத்துவிட்டன. அந்த அழகைப் பார்க்கத்தான் எல்லாரும் போகிறோம். ஆனால் பெட்டியோடு போகிறவருக்கு அந்தச் சந்துகள் பலவற்றில் டாக்சி நுழையாது. தரையில் பதித்த சுண்ணாம்புக்கல் துண்டுகள் தேய்ந்து வழவழப்பாகிவிட்டதால், மழை பெய்துவிட்டால் கால் வழுக்கும்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது இரவு 10.45 மணி, மழை தூறிக்கொண்டிருந்தது. டாக்சி ஓட்டுநர் ஒரு தேவாலயச் சதுக்கத்தில் எங்களை இறக்கிவிட்டு, இதற்கு மேல் வண்டி போகாது என்று கையை மேல்நோக்கிக் காட்டினார். புதிய முகவரியின் வாசலில் பெயர்ப்பலகையும் இல்லை, ஆளும் இல்லை. சுவரில் திருகாணியால் பொருத்திய ஓர் இரும்புப் பெட்டியின் எண் சக்கரங்களை, மனைவி கைபேசி வெளிச்சம் காட்ட, நான் ஒவ்வொன்றாகத் திருப்பிச் சாவியை எடுத்தேன். உள்ளே ஒரு ஆள் மட்டும் ஏறக்கூடிய மரப்படிக்கட்டு; படிகளின் நடுப்பகுதி தேய்ந்து குழிந்திருந்தது, கைப்பிடிக்குப் பதிலாகச் சுவரோடு ஒரு தடித்த கயிறு போயிற்று. அம்மா அந்தக் கயிற்றை ஒரு கையாலும் என் தோளை இன்னொரு கையாலும் பிடித்துக்கொண்டு, இரண்டு படிக்கு ஒரு முறை நின்று ஏறினார். தெருவாசலிலிருந்து அறைக்கதவு வரை 83 படிகள்; மறுநாள் இறங்கும்போது எண்ணினேன். அறை கூரைச் சரிவுக்குக் கீழே இருந்தது. ஜன்னலைத் திறந்தால் கை நீட்டித் தொடும் தூரத்தில் எதிர்ச்சுவர்; இரு கட்டடங்களுக்கு இடையிலான காற்றோட்டக் கிணற்றைத்தான் அந்த ஜன்னல் பார்த்தது. மூன்றாவது படுக்கையாக ஒரு மடக்கு சோபா இருந்தது, சுவரின் ஒரு மூலையில் ஈரம் கறுத்துப் படர்ந்திருந்தது. விடுதியின் எண்ணுக்கு ஆறு முறை அழைத்தோம், யாரும் எடுக்கவில்லை. அம்மா எதுவும் சொல்லவில்லை. முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

காலையில் ஓர் இளைஞர் வந்து, நகரச் சுற்றுலா வரியாக 48 யூரோவும், இரவு தாமதமாக வந்ததற்கு 30 யூரோவும் ரொக்கமாகக் கேட்டார். வரி உண்மையானதுதான். லிஸ்பனில் 2024 செப்டம்பரிலிருந்து 13 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு ஓர் இரவுக்கு 4 யூரோ, அதிகபட்சம் ஏழு இரவுகளுக்கு வாங்குகிறார்கள். ஆளே இல்லாத வாசலுக்கு எதற்குத் தாமதக் கட்டணம் என்று கேட்டதற்கு, விதிமுறையில் இருக்கிறது என்றார், ரசீதும் தரவில்லை. முதலில் பதிவு செய்த கட்டடத்துக்கு நான் நேரில் போனேன். குழாய் உடைந்ததற்கான அறிகுறி எதுவும் அங்கே இல்லை. நாங்கள் படத்தில் பார்த்த பால்கனியில் வேறு இருவர் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

பயணிகளுக்குச் சாதகமான ஓர் ஏற்பாடு போர்ச்சுகலில் இருக்கிறது, பலருக்கு அது தெரியாது. பொதுமக்களோடு தொழில் நடத்தும் இடங்களில் ‘லிவ்ரோ டி ரெக்லமசோய்ஸ்’ என்ற புகார்ப் புத்தகம் இருந்தாக வேண்டும், கேட்டால் மறுக்காமல் தர வேண்டும். புத்தகம் இங்கே இல்லை என்று அந்த இளைஞர் சொன்னார். தர மறுத்தால் காவல்துறையை அழைக்கலாம் என்ற விதியை நினைவூட்டியதும், அரை மணி நேரத்தில் சிவப்பு அட்டை போட்ட அந்தப் புத்தகம் வந்துவிட்டது. ஆங்கிலத்திலேயே எழுதினேன். ஒரு நகல் நமக்குக் கிடைக்கும், அசல் மேற்பார்வை அமைப்புக்குப் போகும். ஊர் திரும்பிய பிறகு இணையம் வழியாகவும் புகார் பதியலாம். ஆனால் அந்தப் புத்தகம் பணத்தை வாங்கித் தரும் என்று எண்ணிவிட வேண்டாம். நடந்ததற்கு அன்றைய தேதியிட்ட சான்று அது, பிறகு வங்கிக்கு நாங்கள் அனுப்பிய ஆவணங்களில் அதுதான் முதலாவது.

புகார் எழுதும்போதுதான் இன்னொரு விஷயம் வெளிப்பட்டது. நாங்கள் தங்கவைக்கப்பட்ட கட்டடம் ஹோட்டலே அல்ல. போர்ச்சுகலில் ஹோட்டல் என்பது ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரம் பெற்ற சட்டப்படியான வகை. அதற்குக் குறைந்தது 10 அறைகள் வேண்டும். வீடுகளையும் சிறு கட்டடங்களையும் வாடகைக்கு விடுவது ‘அலோஜமென்டோ லோக்கல்’ என்ற வேறு வகை. அதற்குப் பதிவு எண் தனி, விதிகள் தனி. ஹாஸ்டல் போன்றவற்றைத் தவிர மற்றவற்றுக்கு ஒன்பது அறைதான் வரம்பு. ஹோட்டல் என்றோ நட்சத்திரம் உண்டென்றோ சொல்லிக்கொள்ள அதற்கு உரிமை இல்லை. ‘பூட்டிக்’ என்ற சொல்லுக்கோ எந்தச் சட்ட வரையறையும் இல்லை. அக்கறையோடு நடத்தப்படும் பதினைந்து அறை ஹோட்டலும் அதே சொல்லைப் போட்டுக்கொள்கிறது, ஆளில்லாத மாடி அறையை வாடகைக்கு விடுகிறவரும் அதையே போட்டுக்கொள்கிறார். ஆகவே அந்தச் சொல்லை விட்டுவிட்டு, பதிவுப் பக்கத்தின் அடியிலுள்ள உரிம எண்ணைப் பாருங்கள். எண்ணுக்குப் பின்னால் ‘ஏ.எல்.’ (AL, அலோஜமென்டோ லோக்கல் என்பதன் சுருக்கம்) என்று இருந்தால் அது ஹோட்டல் அல்ல. சுற்றுலாத் துறையின் பொதுப் பதிவேட்டில் அந்த எண்ணைத் தேடினால் முகவரியும் அறை எண்ணிக்கையும் தெரிந்துவிடும். இத்தாலியிலும் இப்போது ஒவ்வொரு தங்குமிடமும் தனக்குரிய தேசிய அடையாள எண்ணை விளம்பரத்தில் காட்ட வேண்டும். அந்த வகை இடங்கள் எல்லாம் மோசம் என்று நான் சொல்லவில்லை; ஹோட்டல் என்று நம்பவைத்து அங்கே கொண்டுபோய் விடுவதைத்தான் தவறு என்கிறேன்.

முன்பதிவுத் தளம் பதில் சொல்ல ஒன்பது நாள் எடுத்துக்கொண்டது. விருந்தினர் மாற்று அறையை எழுத்து மூலம் ஏற்றுக்கொண்டார், ஆகவே இது விடுதியின் தவறு அல்ல என்பதுதான் முதல் பதில். லிஃப்ட் உண்டு என்று தளத்திலேயே வந்த உறுதியைக் காட்டினோம். அது முதல் கட்டடத்தைப் பற்றியது என்றார்கள். குழாய் உடைந்ததாகச் சொன்ன செய்தியோ வாட்ஸ்அப்பில் வந்ததால், அதைத் தங்களால் சரிபார்க்க முடியாது என்றார்கள். எங்கள் ‘சரி, நன்றி’ மட்டும் அவர்களுக்குச் சரிபார்க்கக்கூடியதாக இருந்தது, ஏனென்றால் விடுதிக்காரர் அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பியிருந்தார். ஐரோப்பாவில் இணைய வழியில் வாங்கியதை 14 நாளுக்குள் திருப்பித் தரலாமே என்று நண்பர் ஒருவர் சொன்னதை நம்பி அதையும் கேட்டுப் பார்த்தோம். குறிப்பிட்ட தேதிக்குச் செய்யும் தங்குமிடப் பதிவுக்கு அந்த உரிமை இல்லை என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் நுகர்வோர் சட்டமே விலக்கு அளித்திருக்கிறது.

எனவே இப்படிப்பட்ட செய்தி வந்தால், எவ்வளவு அவசரமாக இருந்தாலும், தளத்தின் செய்திப் பகுதிக்குள் போய் மட்டும் பதில் எழுதுங்கள். மாற்றத்தை ஏற்கவில்லை, புதிய முகவரி, மாடி எண், லிஃப்ட் விவரம், படங்கள் அனுப்புங்கள், பதிவு செய்த அறை இல்லையென்றால் முழுப் பணத்தையும் திருப்புங்கள் என்று எழுதிவிட்டு, தளத்தின் உதவி எண்ணையும் அப்போதே அழையுங்கள். வேறு வழியின்றி அன்றிரவு அங்கே தங்க நேர்ந்தாலும், ஆட்சேபத்தோடு தங்குகிறோம் என்று அதே இடத்தில் பதிவு செய்யுங்கள். தேர்ந்தெடுக்கும்போது, மொத்த மதிப்பெண்ணைப் பார்த்து நிறைவடையாமல், மதிப்புரைகளுக்குள் ‘வேறு கட்டடம்’, ‘படிகள்’, ‘சாவிப் பெட்டி’ ஆகிய சொற்களை ஆங்கிலத்தில் தேடிப் பாருங்கள். நாங்கள் பிறகு தேடியபோது, அதே விடுதியின் 9.1 மதிப்பெண்ணுக்கு அடியில், குழாய் உடைந்த கதையை நான்கு பேர் எங்களுக்கு முன்பே எழுதியிருந்தார்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் உடன் வந்தால் அல்ஃபாமாவைப் பகலில் சுற்றிப் பார்த்துவிட்டு, அவெனிடா டா லிபர்டாடே என்ற பெரிய சாலையின் பக்கமோ பைஷாவிலோ, இரவு முழுவதும் வரவேற்பு மேசையில் ஆள் இருக்கும் ஹோட்டலில் தங்குவது நல்லது. நாங்கள் மறுநாள் மாறியது அப்படியொரு இடத்துக்குத்தான். அங்கே அம்மா லிஃப்ட் பொத்தானை அழுத்தியபோது அவர் முகத்தில் தெரிந்த நிம்மதியை நான் மறக்கவில்லை.

அந்த ஹோட்டலுக்கு மூன்று இரவுக்கு 615 யூரோவும், அதே நகரத்துக்கு இரண்டாம் முறையாக 36 யூரோ வரியும் கட்டினோம். தங்காத மூன்று இரவுகளுக்கான 558 யூரோவில், ‘நல்லெண்ண அடிப்படையில்’ என்று குறிப்பிட்டு ஓர் இரவுக்கான 186 யூரோவைத் தளம் திருப்பித் தந்தது. மீதி 372 யூரோவுக்காக, விவரித்தபடி சேவை வழங்கப்படவில்லை என்ற காரணத்தைக் காட்டி, கார்டு வழங்கிய வங்கியில் முறையீடு கொடுத்திருக்கிறோம். இதற்குக் கெடு உண்டு, ஆகவே தளத்தின் பதிலுக்காக மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டாம். புகார்ப் புத்தகத்தின் நகல், லிஃப்ட் பற்றிய செய்தியின் ஸ்கிரீன்ஷாட், படிக்கட்டின் காணொளி மூன்றையும் வங்கி கேட்டு வாங்கியிருக்கிறது. முடிவு வந்ததும் இதன் கீழேயே எழுதுகிறேன்.