மாணவர் செய்திக்கு மதிப்பெண்: கழிப்பதா, பிரித்துப் போடுவதா, திருத்த விடுவதா?

இணையவழி இதழியல் வகுப்பில் ஆசிரியர் கைக்கு வருவது எழுதி முடித்த செய்தி மட்டும்தான். மாணவர் யாரைத் தேடிப் பேசினார், எத்தனை பேர் பேச மறுத்தார்கள் என்பது தெரிவதில்லை. அதனால் நடை சரளமாக இருந்தாலே மதிப்பெண் ஏறிவிடுகிறது. புழக்கத்தில் உள்ள மூன்று முறைகளையும் ஒரே கேள்வியால் உரசிப் பார்க்கலாம்: செய்தி சேகரித்த உழைப்பு மதிப்பெண்ணில் தெரிகிறதா?

முதலாவது, பிழைக்குக் கழிப்பது. 100-ல் தொடங்கி, தகவல் பிழைக்குப் பெரிய வெட்டு. அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்து மெடில் இதழியல் பள்ளி இதற்குப் பேர்போனது. பெயரைத் தப்பாக எழுதுவதுபோன்ற தகவல் பிழை ஒன்றுக்கே 'எஃப்', அதாவது தோல்வி, என்று வைத்திருந்ததால், அந்த வழக்கத்துக்கு 'மெடில் எஃப்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. பெயரையும் இனிஷியலையும் இரண்டு முறை கேட்டுக் குறித்துக்கொள்ளும் பழக்கம் இதில் சீக்கிரம் வரும்.

ஆனால் இரண்டு செய்திகளை அருகருகே வைத்துப் பாருங்கள். 'கூட்டத்தில் பல்வேறு பிரச்சினைகள் குறித்து விவாதிக்கப்பட்டது' என்று தொடங்கும் ஒன்று. அதில் பிழையே இல்லை, செய்தியும் இல்லை. இன்னொன்றில் ஐந்து பேரிடம் பேசியிருக்கிறார், ஒருவரின் இனிஷியல் மட்டும் தவறு. கழித்தல் முறையில் முதலாமவருக்கு 100, இரண்டாமவருக்கு 50. அடுத்த வாரம் இரண்டாமவரும் ஐந்து பேரைத் தேடமாட்டார். பெயர் குறைந்தால் ஆபத்தும் குறையும் அல்லவா? தமிழில் இன்னொரு சிக்கல்: ஒவ்வொரு ஒற்றுப்பிழைக்கும் ஒரு மதிப்பெண் வெட்டினால், வகுப்பு இலக்கணத் தேர்வாகிவிடும். சந்திப்பிழை வேறு, பெயர்ப்பிழை வேறு.

இரண்டாவது, ரூப்ரிக் எனும் மதிப்பீட்டுக் கட்டம்: எதற்கு எத்தனை மதிப்பெண் என்று வரிசை வரிசையாகப் பிரித்துப் போடும் அட்டவணை. இதன் பலமும் பலவீனமும் எடை பிரிப்பதில்தான் இருக்கின்றன. ஐந்து வரிசைக்கும் தலா 20 என்று சமமாகப் போட்டால் மொழிநடையும் கட்டமைப்புமே ஜெயிக்கும். செய்தி சேகரிப்பு 40, துல்லியம் 25, கட்டமைப்பு 20, மொழி 10, கெடு 5 என்பது எங்கள் பரிந்துரை. கட்டத்துக்குள் 'நன்று', 'மிக நன்று' என்று எழுதாதீர்கள். அவை மாணவருக்கு எதையும் சொல்வதில்லை. 'நேரில் அல்லது தொலைபேசியில் பேசிய மூவர்; அவர்களில் ஒருவர் மாற்றுத் தரப்பு; ஓர் ஆவணம்' என்று எண்ணிப் பார்க்கக்கூடியதாக எழுதுங்கள்.

அந்த 40-ஐ நியாயமாகப் போட, செய்தியோடு ஆதாரப் பட்டியலும் வர வேண்டும்: பேசியவர் பெயர், பொறுப்பு, தொடர்பு எண், பேசிய நாள், நேரம், செய்தியில் எந்த வாக்கியம் அவருடையது. ஒவ்வொரு செய்தியிலும் இரண்டு தகவல்களைச் சரிபாருங்கள்; பட்டியல்களில் உள்ளவர்களில் வாரம் ஐந்து பேரையாவது அழைத்துப் பேசுங்கள். ஆசிரியர் அழைக்கக்கூடும் என்பதைப் பேட்டியின்போதே மாணவர் சொல்லிவிட வேண்டும். பருவம் முடிந்ததும் பட்டியலை அழித்துவிடுங்கள், அதில் இருப்பது பிறருடைய எண்கள்.

செயற்கை நுண்ணறிவு எழுதியதா என்று கண்டறியும் மென்பொருளை நம்பி மதிப்பெண் வெட்டக் கூடாது. மாணவரே எழுதியதையும் அது தவறாகக் காட்டும். கூகுள் டாக்ஸின் திருத்த வரலாற்றில் முழுச் செய்தியும் ஒரே தடவையில் ஒட்டப்பட்டதாகத் தெரிந்தால் அது கேள்வி கேட்கக் காரணம், குற்றத்துக்குச் சான்று அல்ல. பேட்டிக் குறிப்பையும் ஒலிப்பதிவையும் கேளுங்கள்.

மூன்றாவது, திருத்தி மீண்டும் தரவிடுவது. செய்தி அறையில் துணை ஆசிரியரோடு நடக்கும் வேலைக்கு இதுவே மிக நெருக்கம். செலவு நேரம்தான்: 30 மாணவர், முதல் வாசிப்புக்குத் தலா 20 நிமிடம் என்றால் 10 மணி நேரம், மறுவாசிப்புக்கு 10 நிமிடம் வைத்தாலும் இன்னும் 5 மணி நேரம். இரண்டாம் மதிப்பெண்ணே முழுதாக நிற்கும் என்றால் முதல் வரைவு அரைகுறையாகத்தான் வரும். முதல் வரைவுக்கு 60, திருத்தியதற்கு 40 விழுக்காடு எனப் பிரித்தால் அது தடுக்கப்படும்.

வாராவாரம் செய்தி வாங்கும் வகுப்புக்கு ரூப்ரிக்கே சரி. திருத்தி எழுதும் வாய்ப்பைப் பருவத்தில் இரண்டு நீண்ட செய்திகளுக்கு மட்டும் வையுங்கள். கழித்தல் முறையிலிருந்து பெயர், தொகை, தேதி, மேற்கோள் ஆகிய நான்குக்கான வெட்டை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். ஒரு பிழைக்கு 10, அதுவும் துல்லியத்துக்கான 25-க்குள்ளேயே. அந்த வெட்டு திருத்தி எழுதினாலும் திரும்பாது. பத்திரிகையில் வருவதுபோல ஒரு 'திருத்தம்' குறிப்பை மாணவரே எழுதி, செய்தியின் அடியில் சேர்க்க வேண்டும்.