ஊட்டிப் பனிக்கு எந்தக் கோரை தாங்கும்?

மலைவீட்டில் சின்னதாக ஒரு குளம் வெட்டியதும் ஓரத்தில் கோரை வைக்க ஆசை வரும். பொதுவாகக் கடைசியில் போட்டி பாப்பிரஸுக்கும் குடைக்கோரைக்கும்தான். அழகு மட்டும் பார்த்தால் பாப்பிரஸ்தான். சூடும் வெயிலும் கிடைக்கும் ஊரில் 4 மீட்டர் வரை வளரும். நுனியில் பச்சை நூல் நூலாய்ச் சிதறிய கொண்டை. பழைய எகிப்தியர் எழுதும் தாள் செய்தது இதன் தண்டில்தான்.

சரி, ஆனால் உறைபனி அதற்கு ஆகாது. ஊட்டியோ 2,200 மீட்டருக்கு மேலே இருக்கிறது. குளிர்ந்த காற்று கனமானது. இரவில் சரிவோடு இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். ஊட்டியை அடுத்த தலைக்குந்தாவில் ஜனவரிக் காலையில் புல்வெளி வெளுத்துக் கிடப்பது அதனால்தான். தண்ணீர் தேங்குவதும் அதே பள்ளத்தில்தானே! கோரைக்கென்று நாம் ஒதுக்கும் ஈர மூலைதான் பெரும்பாலும் தோட்டத்திலேயே அதிகம் பனி விழும் இடம்.

குடைக்கோரையும் மடகாஸ்கர், ஆப்பிரிக்கா பக்கத்துச் செடிதான். பனியில் தண்டு கருகும். ஆனால் மண்ணுக்குள் கிழங்கு உறையாமல் இருந்தால் வெயில் ஏறியதும் துளிர்த்துவிடும். கருகிய தண்டுகளை உடனே வெட்ட வேண்டாம், பிப்ரவரி முடியட்டும். அதுவரை அதுவே போர்வை. தேயிலைச் செடியைப் பனியிலிருந்து காக்கப் போடுகிற தாகை என்ற பெரணித் தழையை மேலே கொஞ்சம் பரப்பினால் இன்னும் நல்லது.

நாற்றுக்கும் அலைய வேண்டாம். குடைக்கோரையின் தண்டு நுனியில் குடைபோல் விரிந்த தலையைக் கொஞ்சம் காம்போடு நறுக்கி, இலைகளைப் பாதியாகக் கத்தரித்து, தண்ணீரில் தலைகீழாக மிதக்க விட்டால் நடுவிலிருந்து வேரும் குருத்தும் வரும். குளிர்மாதம் என்றால் சமையலறை ஜன்னலில் வையுங்கள். பாப்பிரஸுக்குக் கிழங்கைப் பிரித்து நடுவதே நம்பகமான வழி.

மண் இரண்டுக்கும் ஒன்றுதான்: களித்தன்மையுள்ள தோட்டமண், மேலே சரளைக்கல். தேங்காய்நார்த் தூள் மிதக்கும், வேண்டாம்.

ஊட்டியைவிடத் தாழ்வான குன்னூர்ச் சரிவில், தெற்கு பார்த்த சுவரோரம் என்றால் பாப்பிரஸை முயன்று பார்க்கலாம். ஊட்டியில் அதுதான் வேண்டும் என்பவர்கள் குட்டை ரகத்தைத் தொட்டியில் வளர்த்து, பனிக்காலத்தில் வராந்தாவுக்குத் தூக்கிவிடலாம்.

பனிக்கு அசையாதவை நீலகிரியின் முக்கூர்த்திப் பக்கச் சதுப்புகளில் தானாக வளரும் கேரெக்ஸ் கோரைகள். அவை காட்டின் சொத்து, தோண்டி எடுத்து வரக்கூடாது.

என் ஓட்டு குடைக்கோரைக்கு, அதுவும் தொட்டியோடு குளத்தில் இறக்குவதாக இருந்தால் மட்டும். விதையாலும் கிழங்காலும் பரவுகிற செடி அது. ஓடைக்கரையில் நேரே நட்டால் கீழே இருக்கும் சதுப்புவரை போய்விடும்.