ஜிசிப் ஸ்டேட்டிக்: சின்ன சர்வரில் நீண்ட நாள் பயன்படுத்திய அனுபவம்

பழைய வட ஆற்காடு மாவட்டத்து நடுகற்கள், கல்வெட்டுகள் பற்றிய குறிப்புகளைத் தொகுக்கும் சிறிய தமிழ்த் தளம் ஒன்றை வேலூர் சத்துவாச்சாரியிலிருந்து நடத்துகிறேன். செங்கம் நடுகற்கள் பக்கம்தான் இருப்பதிலேயே நீளம். வாசகர்களில் பலர் ஒடுகத்தூர், அமிர்தி, ஜவ்வாது மலைப் பக்கத்துக்காரர்கள். அங்கே சிக்னல் நிலைத்து நிற்காது. சர்வரோ ஒற்றை கோர் உள்ள மலிவான விபிஎஸ் (வாடகை மெய்நிகர் சர்வர்). இரண்டுக்கும் சேர்த்துக் கைகொடுத்தது, பக்கங்களை வழங்கும் வலைச் சர்வர் மென்பொருளான எஞ்சின்எக்ஸின் ஜிசிப் ஸ்டேட்டிக் வசதி. ஜிசிப் என்பது கோப்புகளைச் சுருக்கும் முறை. ஸ்டேட்டிக் என்றால் முன்கூட்டியே சுருக்கி வைத்ததை அனுப்புவது.

சாதாரண ஜிசிப், கேட்கும் ஒவ்வொரு முறையும் கோப்பைப் புதிதாகச் சுருக்கும். சுருக்கும் அளவுக்கு 1 முதல் 9 வரை நிலைகள் உண்டு. வேலை குறைய வேண்டும் என்பதால் அதன் இயல்பு நிலை 1தான். 9 வைத்தால் சிபியு திணறும். ஸ்டேட்டிக்கில் அந்தக் கவலை இல்லை. பில்ட் (தளத்தின் கோப்புகளை உருவாக்கும் வேலை) முடிந்ததும் எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், ஜேஎஸ் கோப்புகளை 9ஆம் நிலையில் ஒரே தடவை சுருக்கி, மூலத்தின் பக்கத்திலேயே ஜிஇசட் (.gz) நகலாக வைத்துவிடுகிறேன். சர்வர் அதை அப்படியே எடுத்துக் கொடுக்கிறது.

தமிழுக்கு இதில் லாபம் அதிகம். எழுத்துகளைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட். 'கி' என்றால் ககரமும் இகரக் குறியும் சேர்ந்து 6. ஆனால் முதல் பைட் எல்லாவற்றுக்கும் ஒன்றே, இரண்டாவது இரண்டே வகை. இப்படித் திரும்பத் திரும்ப வருவதைத்தான் ஜிசிப் நன்றாக மடக்கும். ஜேபெக் படங்களையும் வோஃப்2 வடிவ எழுத்துருவையும் தொடவே வேண்டாம். அவை ஏற்கெனவே சுருங்கியவை.

கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மூலக் கோப்பு மாறிவிட்டதா என்று எஞ்சின்எக்ஸ் பார்க்காது. சிஎஸ்எஸ்ஸைச் சர்வரில் நேராகத் திருத்தினால் வாசகருக்குப் பழைய ஜிஇசட்தான் போகும். அதனால் சுருக்கும் வேலை பில்ட் ஸ்கிரிப்டுக்குள்ளேயே இருக்கட்டும். அப்புறம், நடுவில் சிடிஎன் (நகல்களை வைத்து வாசகருக்கு வழங்கும் இடைச் சர்வர்கள்) இருந்து, இடையில் ஒரு சர்வர் உண்டு என்று சொல்லும் 'வியா' ஹெடர் கோரிக்கையில் வந்தால் சுருக்கிய நகல் போகாது. எஞ்சின்எக்ஸ் அமைப்பில் 'ஜிசிப் பிராக்ஸீட் எனி' (gzip_proxied any) என்று கொடுத்தால் சரியாகும். சுருக்கியதையும் சுருக்காததையும் இடைச் சர்வர்கள் குழப்பிக்கொள்ளாமல் இருக்க 'ஜிசிப் வேரி'யையும் (gzip_vary) ஆன் செய்துவிடுங்கள். கர்ல் (curl) கமாண்டில், ஜிசிப்பை ஏற்பதாகச் சொல்லும் ஆக்செப்ட் என்கோடிங் ஹெடரோடு கேட்டு, பதிலில் 'கன்டென்ட் என்கோடிங்: ஜிசிப்' வருகிறதா என்று பார்த்தால் சந்தேகம் தீரும்.

பிராட்லி என்ற இன்னொரு சுருக்கு முறையின் நகலையும் இப்போது சேர்த்து வைக்கிறேன். அதன் உச்சமான 11ஆம் நிலை மெதுவானதுதான், ஆனாலும் பில்டில் ஒருமுறை என்பதால் பாதகமில்லை. உலாவிகள் அதை எச்டிடிபிஎஸ் வழியாக மட்டுமே கேட்கும், எஞ்சின்எக்ஸுக்குத் தனி மாட்யூலும் வேண்டும். அதனால் ஜிஇசட் நகலை நீக்கும் எண்ணம் இல்லை.