ட்ரிகருக்கு விஎச்டிஎல்லா, எச்எல்எஸ்ஸா? 3563-க்கு அடுத்த எண்ணைக் கேளுங்கள்

ஜோகன்னஸ்பர்க்கில் எங்கள் ஆய்வுக்கூடத்தில் தமிழ் பேசுவது நானும் இன்னொரு தம்பியும்தான். அவன் டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த் பையன். பாட்டி பேசக் கேட்டுப் பழகிய தமிழ். போன வாரம் வந்து, "அண்ணா, விஎச்டிஎல் படிக்கவா, எச்எல்எஸ் மட்டும் போதுமா?" என்றான். எஃப்பிஜிஏ என்பது உள்ளிருக்கும் மின்சுற்றை வேண்டியபடி மாற்றி ஏற்றக்கூடிய சில்லு. அந்த மின்சுற்றை நேரடியாக விவரிக்கும் மொழி விஎச்டிஎல்; சாதாரண நிரலிலிருந்து கருவியே மின்சுற்றை உருவாக்கும் முறை எச்எல்எஸ். ஒரு டீ குடிக்கும் நேரத்தில் சொல்லிவிடக்கூடிய பதில் இல்லை.

செர்னின் துகள் மோதல் இயந்திரமான எல்எச்சியில் 25 நானோ விநாடிக்கு ஒருமுறை புரோட்டான் கொத்துகள் ஒன்றையொன்று கடக்கின்றன. எந்த மோதலின் தரவை வைத்துக்கொள்வது என்று முடிவு செய்யும் அமைப்புதான் ட்ரிகர். அங்கே மோதல்களைப் பதிவு செய்யும் அட்லஸ் கருவியின் முதல் கட்ட ட்ரிகருக்குக் கிடைத்த அவகாசம் 2.5 மைக்ரோ விநாடி. அதற்குள் வேண்டும், வேண்டாம் சொல்லியாக வேண்டும். விநாடிக்கு 4 கோடி மோதல்களில் 1 லட்சம் வரைதான் அடுத்த கட்டத்துக்குப் போகலாம். மோதல்களைப் பன்மடங்காக்கும் ஹை லூமினாசிட்டி காலத்துக்கான திட்டத்தில் இது 10 மைக்ரோ விநாடி, 10 லட்சம் என்று ஆகிறது. இதில் நம் ஊருக்கும் பங்குண்டு: அட்லஸில் துகள்களின் ஆற்றலை அளக்கும் டைல் கலோரிமீட்டரின் மின்னணுப் பலகைகளைப் புதுப்பிக்கும் பணியில் விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகம் இருக்கிறது.

முடிவு வரும்வரை தரவு ஒரு வரிசையில் காத்திருக்கும். விடை ஒரு கடிகாரத் துடிப்பு தாமதித்தால் பக்கத்து மோதலின் தரவு வெளியே போய்விடும். ஆகவே ட்ரிகரில் வேகம் மட்டும் போதாது; ஒவ்வொரு முறையும் அதே தாமதம் வேண்டும்.

விஎச்டிஎல் இங்கேதான் ஜெயிக்கிறது. தரவை ஒரு துடிப்பு நேரம் பிடித்து வைக்கும் ரெஜிஸ்டர் எத்தனை வைத்தோமோ அத்தனை துடிப்பு, விரல் விட்டு எண்ணலாம். எச்எல்எஸ்ஸில் சி பிளஸ் பிளஸ் எழுதித் தருகிறோம், துடிப்புக் கணக்கைக் கருவி போடுகிறது. கருவியின் பதிப்பை மாற்றினால் நேற்று 9 துடிப்பாக இருந்தது இன்று 11 ஆகலாம். ஆனால் நியூரல் நெட்வொர்க் மாதிரி கணக்கு கனமான பகுதியை விஎச்டிஎல்லில் கையால் எழுதச் சொன்னால் நானே ஓடிவிடுவேன். பயிற்சி முடித்த நெட்வொர்க்கை எச்எல்எஸ் வழியாக எஃப்பிஜிஏவுக்குள் இறக்கும் எச்எல்எஸ்4எம்எல் 2018 முதல் இந்தத் துறையில் பரவியதற்குக் காரணம் அதுதான்.

இரண்டையும் விட்டுவிட்டு எல்லாத் தரவையும் கணினிக்கே அனுப்புவது மூன்றாவது வழி. எல்எச்சியின் இன்னொரு கருவியான எல்எச்சிபி 2022-இலிருந்து வன்பொருள் ட்ரிகரே இல்லாமல், முதல் வடிகட்டலை ஜிபியுக்களில் (கிராஃபிக்ஸ் செயலிகளில்) செய்கிறது. அங்கே ஒரு நிகழ்வின் தரவு சிறியது, கட்டுப்படியாகிறது. அட்லஸுக்கு அந்த வசதி இல்லை.

இனி என் மானம் போன கதை. புரோட்டான்கள் எல்எச்சியை ஒருமுறை சுற்றிவரும் ஒரு சுற்றில் 3564 மோதல் இடங்கள். அவற்றை எண்ணும் மின்சுற்றான எண்ணி (கவுண்டர்) 0-இல் தொடங்கி 3563 வந்ததும் மறுபடி 0 ஆக வேண்டும். நான் 3564 என்று ஒப்பிட்டு எழுதிவிட்டேன். கணினியில் சிமுலேஷன் சோதனை 2000 மோதல்களுக்கு ஓடியது, எல்லாம் பச்சை. பலகையில் ஏற்றினால் முதல் சுற்று சரி, இரண்டாவது சுற்றில் ஒரு எண் பிசகு, மூன்றாவதில் இரண்டு. ஒரு சுற்று என்பது சுமார் 89 மைக்ரோ விநாடி. என் சிமுலேஷன் 50 மைக்ரோ விநாடியில் நின்றிருந்தது. பிழை இருந்த இடத்துக்கு அது போகவே இல்லை. எச்எல்எஸ்ஸில் எழுதியிருந்தாலும் தப்பியிருக்க மாட்டேன். அதன் சி சோதனை நொடியில் முடியும், ஆனால் அதில் கடிகாரமே கிடையாது.

ஆகவே எந்த மொழி என்பதைவிட எதை வைத்துச் சோதிப்பது என்பதற்குத்தான் நான் அதிக நேரம் கொடுப்பேன். இங்கே போட்டி, வடிவமைப்பைச் சோதிக்க உதவும் இரண்டு கட்டமைப்புகளான யுவிஎம்முக்கும் கோகோடிபிக்கும். யுவிஎம் பெரிய கல்யாண மண்டபம் மாதிரி. எல்லா வசதியும் உண்டு, நாலு பேர் விருந்துக்கு யாரும் எடுப்பதில்லை. எந்தெந்த நிலைமை சோதிக்கப்பட்டது என்று கணக்கு வைப்பதில் அதை அடித்துக்கொள்ள ஆளில்லை. துகள் தடம் பிடிக்கும் பிக்சல் உணரிகளுக்குச் சில்லு செய்த ஆர்டி53 ஆய்வுக் கூட்டணி யுவிஎம் சூழல் கட்டியது நியாயம். உருக்கி வார்த்த சில்லைத் திருத்த முடியாது. எஃப்பிஜிஏவை மறுபடி ஏற்றிக்கொள்ளலாம். (இந்த வசதிதான் நம்மைச் சோம்பேறியாக்குகிறது என்பதும் உண்மை.)

கோகோடிபியில் சோதனையைப் பைத்தானில் எழுதலாம். இலவச ஜிஎச்டிஎல் சிமுலேட்டரோடு ஓடும். டாலரில் லைசென்ஸ் கட்டி ரேண்டில் அழ வேண்டாம். எண்ணிக்குள் 3500 என்று நேரே திணித்துவிட்டு ஓட்டினால் 64-ஆவது துடிப்பில் என் பிழை வெளியே வந்துவிடும், நிமிடக்கணக்கு நொடிக்கணக்காகிறது. 2023-இல் ஸ்டேஜ் 6 என்ற கடுமையான மின்வெட்டில் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை இருட்டில் உட்கார்ந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். ராத்திரி முழுக்க ஓடும் ஒற்றைச் சிமுலேஷன் இங்கே சூதாட்டம். துண்டு துண்டான சோதனைகள் என்றால் கரண்ட் வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். குறையும் உண்டு: பெரிய வடிவமைப்பில் பைத்தான் ஒவ்வொரு துடிப்புக்கும் குறுக்கிட்டால் ஆமை வேகம்தான். இன்னொன்று, சரியான விடை எது என்று ஒப்பிட்டுப் பார்க்க எழுதும் மாதிரியை (மாடலை) வடிவமைத்தவனே எழுதக் கூடாது. என் 3564 என் மாதிரியிலும் 3564-ஆகத்தான் இருந்தது.

தம்பிக்கு என் பதில்: முதலில் விஎச்டிஎல், கூடவே கோகோடிபி, எச்எல்எஸ் ஆறு மாதம் கழித்து. முகம் சுருங்கிவிட்டது, நியூரல் நெட்வொர்க் ஆசை அவனுக்கு. புது எண்ணியை நான் எழுதுகிறேன், மாதிரியும் சோதனையும் அவனுடையது. என் நிரலைப் பார்க்காமல் எழுதச் சொல்லியிருக்கிறேன்.