டப்பாவின் முன்பக்கம் 295, பின்பக்கம் 55

பிப்ரவரியில் குழாயடியில் வழுக்கி விழுந்ததில் இடது மணிக்கட்டு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. வயது 54, மாதவிடாய் நின்று நான்கு ஆண்டுகள். எலும்பு அடர்த்தி குறைந்திருக்கிறது, சாப்பாட்டில் கால்சியத்தைக் கூட்டுங்கள் என்றார் மருத்துவர். அன்று மாலையே மகன் வாங்கி வந்துவிட்டான்: முளைகட்டிய கேழ்வரகு சத்துமாவு, அரை கிலோ, 320 ரூபாய். மாவுக்கட்டு பிரித்த கையால் நான் திறந்த முதல் டப்பா அதுதான்.

ருசியில் குறையில்லை. ஏலக்காய் மணம் தூக்கலாக இருக்கிறது, வெந்நீரில் கட்டி தட்டாமல் கரைகிறது. காலையில் வேலைக்கு ஓடுகிறவர்களுக்குச் சௌகரியம்தான்.

முன்பக்கத்தில் கொட்டை எழுத்தில் 'ஒரு கோப்பையில் 295 மி.கி. கால்சியம்' என்று போட்டிருக்கிறார்கள். பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி. அது எங்கே போய் முடிகிறது என்று தேட எனக்குக் கண்ணாடி போதவில்லை, பேரனைக் கூப்பிட்டேன். '200 மி.லி. பாலில் கலக்கும்போது' என்று படித்தான். பாலில் 100 மில்லிக்கு ஏறக்குறைய 120 மி.கி. கால்சியம் உண்டு. ஆக, 240 மி.கி. மாட்டினுடையது! மாவின் பங்கு, ஒரு கோப்பைக்குப் போடும் 25 கிராமுக்கு 55. எனக்குப் பால் ஒத்துக்கொள்ளாது, வயிறு உப்பிவிடும். இத்தனை நாளாக வெந்நீரில் கலக்கிக் குடித்துவிட்டு, பெரிய காரியம் செய்ததாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

சேர்பொருள் பட்டியலையும் படிக்கச் சொன்னேன். எடை அதிகமுள்ளது முதலில் வர வேண்டும் என்பது விதி. கேழ்வரகு 55 சதவீதம், அடுத்ததே சர்க்கரை, 25. கால் பங்கு சர்க்கரையைக் கேழ்வரகு விலையைவிடப் பல மடங்கு கொடுத்து வாங்கியிருக்கிறோம். வெறும் கேழ்வரகில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 350 மி.கி. கால்சியம் இருக்கிறது. முளைகட்டுவது நல்லதுதான், சத்தை உடம்பில் சேரவிடாமல் தடுக்கும் பைட்டேட் குறையும். அதற்கு டப்பா எதற்கு? இரவு ஊறவைத்து, வெள்ளைத் துணியில் கட்டித் தொங்கவிட்டால் மறுநாளே வெள்ளை முளை எட்டிப்பார்க்கிறது. நிழலில் உலர்த்தி, வாசம் வரும்வரை வறுத்து, மில்லில் கொடுத்து அரைத்துக்கொள்கிறேன்.

மாதவிடாய் நின்ற பெண்களுக்கு நாளொன்றுக்கு 1,200 மி.கி. வேண்டும் என்கிறது தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020 பரிந்துரை. வயது வந்தோருக்குப் பொதுவாக 1,000. கூழ் ஒன்றால் அதை எட்ட முடியாது. அந்தக் கூழிலேயே ஒரு கிண்ணம் தயிரைக் கரைக்கிறேன். தயிர் வயிற்றை ஒன்றும் செய்வதில்லை. வாரம் மூன்று நாள் முருங்கைக்கீரை, சாயங்காலம் எள்ளுருண்டை, கிடைத்தால் நெத்திலி, முள்ளோடு. மிச்சத்துக்கு மருத்துவர் எழுதிக்கொடுத்த மாத்திரை.

ஐந்துக்கு இரண்டு மதிப்பெண். பாலில் கலந்து குடிப்பவர்கள் வாங்கலாம், ஆனால் வெறும் பாலே மலிவு. மீதி அரை டப்பாவைப் பேரன் காலி செய்துகொண்டிருக்கிறான், கரைக்காமல், ஸ்பூனால் அள்ளி.