போலோவைத் தாழ்த்த எது சரி: வெறும் ஸ்பிரிங்கா, ஷாக்ஸோடு ஸ்பிரிங்கா, காயில்ஓவரா?

காரைத் தாழ்த்த நினைக்கிறவர்கள் முதலில் கேட்பது, "எத்தனை மில்லிமீட்டர் இறங்கும்?" நான் முதலில் பார்ப்பது, இறங்கிய பிறகு சக்கரம் மேலே போய்வர எவ்வளவு இடம் மிச்சம் என்பதை. கார் ஓட்டும் சுகமும் ஷாக்ஸின் ஆயுளும் அந்த மிச்சத்தில்தான் இருக்கின்றன.

இந்தியாவில் 2010 முதல் 2022 வரை விற்ற ஃபோக்ஸ்வேகன் போலோவை எடுத்துக்கொள்வோம். முன்னால் மேக்பர்சன் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக்ஸும் ஒரே தூணாகச் சேர்ந்தது), பின்னால் ட்விஸ்ட் பீம் (இரண்டு சக்கரங்களையும் இணைக்கும் குறுக்குச் சட்டம்). தரை இடைவெளி சுமார் 165 மி.மீ. முப்பது மி.மீ. இறக்கினால் 135. நான்கு பேரும் பெட்டிகளும் ஏறினால் இன்னும் குறையும். இந்திய சாலைப் பேரவையின் விதிப்படி வேகத்தடை 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலத்தில் வளைந்து இருக்க வேண்டும். தெருக்காரர்களே கட்டிய செங்குத்து மேடுகளுக்கு எந்தக் கணக்கும் கிடையாது. நீங்கள் தினமும் போகும் வழியில் அப்படி இரண்டு மேடு இருந்தால், 30 மி.மீ.க்கு மேல் யோசிக்கவே வேண்டாம்.

ஸ்பிரிங்கை வெட்டுவதை ஒரு வழியாகவே நான் எண்ணவில்லை. வெட்டிய முனை, ஸ்பிரிங் உட்காரும் தட்டில் சரியாகப் படியாது. சக்கரம் முழுதாகத் தொங்கும்போது ஸ்பிரிங் இடம் மாறிவிடலாம். கேஸ் வைத்துச் சூடாக்கி இறக்குவது இன்னும் மோசம், ஸ்டீலின் பதமே போய்விடும்.

சரி, மற்ற மூன்றையும் பார்ப்போம்.

குறைந்த செலவு வெறும் ஸ்பிரிங். ஐபாக், ஹெச் அண்ட் ஆர் போன்ற நிறுவனங்களின் மிதமான வகைகள் பெரும்பாலும் 25, 30 மி.மீ. அளவில் இறக்கும். ஆனால் கம்பெனி ஷாக்ஸ் மென்மையான ஸ்பிரிங்கை அடக்குவதற்காகச் செய்யப்பட்டது. கெட்டியான ஸ்பிரிங் வேகமாக விரியும்போது அதைப் பிடித்து நிறுத்த அதற்குத் தெம்பு போதாது, ஒரு மேடு தாண்டியும் கார் ஆடிக்கொண்டே இருக்கும். மேலும் ஷாக்ஸின் பிஸ்டன் எந்நேரமும் கீழிறங்கியே வேலை செய்வதால் பம்ப் ஸ்டாப் (ஷாக்ஸ் முழுதாக அமுங்கி மோதாமல் தடுக்கும் மெத்தை) சீக்கிரமே இடிக்கும். "ஸ்பிரிங் ரொம்ப ஹார்டு" என்று பலர் சொல்லும் அந்த உதை, உண்மையில் பல நேரம் பம்ப் ஸ்டாப்பின் உதை. அதிகம் ஓடாத காரில், நல்ல சாலையில் இது ஓரளவு சமாளிக்கும். பழைய ஷாக்ஸோடு இதைப் போடுவது காசை வீணடிப்பது.

தாழ்த்திய உயரத்துக்கென்றே நீளம் குறைத்துச் செய்த ஷாக்ஸும் மிதமான ஸ்பிரிங்கும் சேர்ந்த ஜோடிதான் என் தேர்வு. பில்ஸ்டீன் நிறுவனத்தின் ஷாக்ஸில் பி6 கம்பெனி உயரத்துக்கு, பி8 தாழ்த்திய காருக்கு. இந்த வித்தியாசம் தெரியாமல் பி6 வாங்கி லோயரிங் ஸ்பிரிங் போடுகிறவர்கள் உண்டு. செலவு அதிகம்தான், ஆனால் ஸ்பிரிங்கும் ஷாக்ஸும் ஒன்றுக்கொன்று பொருந்தும்போது கார் ஒரே அசைவில் அடங்கிவிடும். கைக்கு அது உடனே தெரியும்.

காயில்ஓவர் என்பது மரை வைத்த ஷாக்ஸும் ஸ்பிரிங்கும் சேர்ந்த செட்; மரையைத் திருகி உயரத்தை நாமே மாற்றலாம். கேடபிள்யூ நிறுவனத்தின் வேரியன்ட் 1 உயரத்தை மட்டும் மாற்றும், 2 ஷாக்ஸ் விரியும் வேகத்தையும் மாற்றும், 3 அமுங்கும் வேகத்தையும் சேர்த்து மாற்றும். இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கிலோ கோவை காரி டிராக்கிலோ அடிக்கடி ஓட்டுகிறவருக்கு இது வேண்டும். வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் ஓடும் காரில் முதல் மாதத்துக்குப் பிறகு யாரும் அதைத் திருகுவதில்லை. சேறும் கடற்காற்றும் மரைக்குள் ஏறினால், அப்புறம் திருக நினைத்தாலும் முடியாது. உயரத்தை மாற்றும் ஒவ்வொரு முறையும் வீல் அலைன்மென்ட் வேறு.

காயில்ஓவர் வாங்கியவர்கள் 50 மி.மீ. வரை இறக்கிவிடுவதும் வழக்கம். மேக்பர்சனில் அப்படி இறக்கும்போது ரோல் சென்டர் (வளைவில் கார் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அது), காரின் எடை மையத்தைவிட வேகமாகக் கீழே போகும். இரண்டுக்கும் நடுவிலுள்ள தூரம் கூடினால் காரைச் சாய்க்கும் விசைக்கு நீளமான நெம்புகோல் கிடைத்த மாதிரி. பார்க்க ரேஸ் கார் மாதிரி நிற்கும், வளைவில் 30 மி.மீ. இறக்கிய காரைவிட மோசமாக நடக்கலாம்.

வீட்டில் செய்யும்போது இந்த வரிசை இன்னும் மாறுகிறது. வெறும் ஸ்பிரிங் மாற்ற, கம்பெனி ஸ்ட்ரட்டிலிருந்து கம்பெனி ஸ்பிரிங்கை அமுக்கித்தான் எடுக்க வேண்டும். மூன்றிலும் ஆபத்தான வேலை அதுதான். அமுங்கிய ஸ்பிரிங் நழுவினால் உயிரே போகலாம். புது ஷாக்ஸோ காயில்ஓவரோ வாங்கும்போது டாப் மவுண்ட், பேரிங், பம்ப் ஸ்டாப், டஸ்ட் கவரும் புதிதாக வாங்கிவிட்டால் பழைய ஸ்ட்ரட்டைப் பிரிக்காமல் அப்படியே ஓரமாக வைத்துவிடலாம். லோயரிங் ஸ்பிரிங் குட்டை என்பதால் புதியதைக் கொஞ்சம் அமுக்கினால் போதும். ஸ்பிரிங்கை அமுக்கும் கம்ப்ரஸர் கருவியின் கொக்கிகள் நேர் எதிரெதிரே, இரண்டு பக்கமும் மாறி மாறிச் சமமாக, கை ஸ்பேனரால்தான் திருக வேண்டும். அமுக்குவதற்கு முன் ஸ்ட்ரட் உச்சியிலுள்ள நடு நட்டைத் தொடக்கூடாது.

போலோவில் ஸ்ட்ரட், நக்கிளுக்குள் (சக்கரத்தைத் தாங்கும் பாகம்) சொருகி இறுக்கப்பட்டிருக்கும். அந்தப் பிளவை விரிக்க ஒரு சிறிய ஸ்ப்ரெடர் சாவி வேண்டும், சுத்தியல் வேண்டாம். பின்பக்கம் எளிது: ஷாக்ஸின் கீழ் போல்ட்டைக் கழற்றி பீமை மெல்ல இறக்கினால் ஸ்பிரிங் கையோடு வந்துவிடும். பிரேக் ஹோஸும் ஏ.பி.எஸ். வயரும் இழுபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஜாக்கி மட்டும் தாங்கும் காருக்கு அடியில் போகாதீர்கள், ஸ்டாண்ட் கட்டாயம்.

வாங்கும் முன் சட்டத்தையும் பாருங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களிலிருந்து வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. 182ஏ பிரிவில் அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். இன்சூரன்ஸ் கம்பெனியிடம் எழுதிக் கேட்டுவிடுவது நல்லது. இதெல்லாம் வேண்டாம் என்று தோன்றினால் கம்பெனி ஸ்பிரிங்கை அப்படியே விட்டு பி6 போன்ற நல்ல ஷாக்ஸ் மட்டும் போடுங்கள். தேய்ந்த ஷாக்ஸோடு ஓடும் போலோவுக்கு நான் முதலில் சொல்வது அதைத்தான்.

எதைப் போட்டாலும், ரப்பர் புஷ் உள்ள போல்ட்களைக் கார் தன் எடையில் நிற்கும்போதுதான் டார்க் ரெஞ்ச் வைத்துக் கடைசியாக இறுக்க வேண்டும். தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழியும். ஸ்பிரிங் படியக் கொஞ்சம் ஓட்டிவிட்டு, அதன்பின் வீல் அலைன்மென்ட் பாருங்கள். முக்கியமாக டோ அளவு, அதாவது மேலிருந்து பார்த்தால் சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் அளவு. அது மாறினால் டயரின் ஓரம் சில ஆயிரம் கிலோமீட்டரிலேயே தேய்ந்துவிடும்.