மிக்-21க்கு ரெசின் காக்பிட் செட்: எதை வாங்கலாம், எதை விடலாம்

மிக்-21 போர் விமானத்தோட சின்ன பிளாஸ்டிக் மாடல் கிட்டு வாங்கிக் கட்டுறவங்க, அதுல மாத்திப் போட தனியா வாங்குற ரெசின் பாகங்களப் பத்தித் தான் இது. மொதல்லயே சொல்லிர்றேன். கேனோப்பிய, அதாவது பைலட் உக்கார்ற காக்பிட்டுக்கு மேல வர்ற கண்ணாடி மூடிய, மூடி ஒட்டி வைக்கிற ஆளா இருந்தா இந்த செட்டுக்கு ஒத்த ரூபா செலவு பண்ணாதீங்க, கிட்டோட வர்ற காக்பிட்டே போதும், கண்ணாடி வழியா பாத்தா சீட்டோட தலைப்பக்கமும் கொஞ்சம் நீலப்பச்சை பெயிண்டும் தான் தெரியும். தெறந்து வச்சு உள்ள டார்ச் அடிச்சுப் பாக்குற ஆளு, உக்காந்து தேய்க்கப் பொறுமை உள்ள ஆளுன்னா தாராளமா வாங்கலாம், ஆனா மொத்த செட்டையும் வாங்கணும்னு அவசியம் இல்ல.

நான் கட்டுறது எடுவார்ட் கம்பெனியோட 1/48 (நிஜத்துல 48ல ஒரு பங்கு) மிக்-21பிஸ், மிக்-21ல ஒரு வகை. மிக்-21 1963ல நம்ம ஏர்ஃபோர்ஸுக்கு வந்த விமானம், 2025 செப்டம்பர் 26 சண்டிகர்ல கடைசியா விடை குடுத்து அனுப்புனாய்ங்க, அத டிவில பாத்தப்பவே முடிவு பண்ணிட்டேன் இதுல ஒன்னு நல்லபடியா கட்டி ஷோகேஸ்ல வைக்கணும்னு. ஒன்னு கவனிங்க, கடைசி வரைக்கும் பறந்தது பைசன், அதாவது பிஸ்ஸயே ரேடார்லாம் மாத்தி மேம்படுத்துனது. பைசனோட டேஷ்போர்டுல ஸ்கிரீன் எல்லாம் வந்துரும், பழைய பிஸ்ல பெரும்பாலும் முள்ளு வச்ச மீட்டர் தான். நான் வாங்குன ரெசின் செட்டு பழைய பிஸ்ஸுக்கு. பைசன் கட்டப் போறவங்க இத வாங்கிறாதீங்க, பேனல் மொத்தமும் தப்பாயிரும்.

செட்டுல என்னென்னன்னா காக்பிட் டப் (தரையும் பக்கச் சுவரும் சேந்த தொட்டி), டேஷ்போர்டு, கேஎம்-1 எஜெக்சன் சீட்டு (ஆபத்துல பைலட்டோட வெளிய பாயுற சீட்டு), மூணு சக்கரம், பின்னாடி எக்ஸாஸ்ட் நாசில் (எஞ்சின் புகை வர்ற வாய்). கம்பெனி பேரு வேணும்னே போடல, எனக்கு வந்த பாக்ஸுல இருந்த கோளாறு எல்லா பாக்ஸுலயும் இருக்கும்னு சொல்ல முடியாதுல்ல. கோளாறு ஏன் வருதுன்னா, கிட்டோட பிளாஸ்டிக்க இரும்பு அச்சுல அழுத்தத்துல அடிக்கிறாய்ங்க, ரெசின சிலிகோன் ரப்பர் அச்சுல கையால ஊத்துறாய்ங்க. ரப்பர் வளையும், அதனால அடியில குடைஞ்ச மாதிரி இருக்குற வேலைப்பாடெல்லாம் அச்சுல இருந்து ஒடையாம வெளிய வந்துரும், இரும்பு அச்சுல அது நடக்காது. ஆனா அந்த ரப்பர் அச்சுக்கு ஆயுசு கம்மி, மதுரை விளாச்சேரில கொலு பொம்மை அச்சு பழசானா மூக்கு முழி மழுங்கி வரும் பாருங்க, அதே தான். அச்சு புதுசா இருக்கப்ப ஊத்துனது உங்களுக்கு வந்தா அதிர்ஷ்டம். எனக்கு வந்ததுல டேஷ்போர்டு ஓரத்துல ஒரு காத்துக் குமிழி, ஜாய்ஸ்டிக் ஒடிஞ்சு கவருக்குள்ள தனியா கெடந்துச்சு. குமிழிய புட்டி வச்சு அடைச்சாச்சு, ஜாய்ஸ்டிக்க மெல்லிசு செம்புக் கம்பில செஞ்சுக்கிட்டேன், பெரிய விஷயம் இல்ல, ஆனா கிட்டு விலையில பாதிக்கும் மேல குடுத்து, கஸ்டம்ஸும் கட்டி வாங்குற பொருளு இப்படி வந்தா வயித்தெரிச்சலா தான் இருக்கு.

இருந்தாலும் அந்த சீட்டப் பத்தி சொல்லியே ஆகணும். கட்டைவிரல் மேல்கணு அளவு தான் இருக்கும், அதுல பெல்ட்டு மடிஞ்சு விழுந்துருக்குறது, பக்கிள், குஷன்ல துணி இழுபட்டு நிக்கிற சுருக்கம், தலைமாட்டுக்குப் பின்னாடி போற குழாய், எல்லாம் தனித்தனியா தெரியுது. கிட்டு சீட்டுல பெல்ட்ட நாமளா தனியா ஒட்டணும், ஒட்டுனாலும் தகரத்த மடிச்சு வச்ச மாதிரி வெறப்பா நிக்கும். இதுல ஒரு கோட்டு பெயிண்ட், மேல கருப்பு வாஷ் (பள்ளத்துல எறங்குற மாதிரி தண்ணியா கரைச்ச பெயிண்ட்), அப்புறம் டிரை பிரஷ் (பிரஷ்ல பெயிண்ட துடைச்சிட்டு மேட்டுல மட்டும் தடவுறது) பண்ணுனா போதும், வேலை முடிஞ்சது. டேஷ்போர்டுல நடுவுல மேல இருந்து கீழ ஒரு வெள்ளைக் கோடு போகும், மிக்-21 தெரிஞ்சவங்களுக்கு அது தெரியும், விமானம் சுத்திக்கிட்டே கீழ விழுறப்ப ஸ்டிக்க சரியா நடுவுல கொண்டு வர பைலட்டுக்கு ஒரு அடையாளம் வேணும்ல, அதுக்காகப் போட்ட கோடு. ரெசின் பேனல்ல மீட்டருக எல்லாம் நல்லா மேடா எந்திரிச்சு நிக்கிறதால அந்தக் கோட்ட பிரஷ்ல நேரா போடுறது கொஞ்சம் சிரமம், டெக்கால் (தண்ணில ஊற வச்சு ஒட்டுற ஸ்டிக்கர்) வெள்ளைத் துண்டுல மெல்லிசா வெட்டி ஒட்டிருங்க.

இப்ப உள்ள பொருத்துற கதைக்கு வருவோம், எல்லாருக்கும் உயிர் போற எடம் இதான். மிக்-21ல காக்பிட்டுக்கு நேர் கீழ முன் சக்கரத்தோட குழி. பிளாஸ்டிக் காக்பிட்டோட தரை மெல்லிசு, ரெசின் டப்போட தரை தடிமன், அதுக்கும் கீழ ரெசின் ஊத்துன கட்டை ஒன்னு மொத்தமா ஒட்டிக்கிட்டு வரும். 1/48ல ஒரு மில்லிமீட்டர்னா நிஜத்துல கிட்டத்தட்ட 5 சென்டிமீட்டர், அப்ப ரெண்டு மில்லி மேல தூக்குனாலே சீட்டு கேனோப்பில இடிக்கும், இல்லாட்டி பாடியோட ரெண்டு பாதியும் மூடாது. கூட வந்த பேப்பர்ல ஒரு படம், அதுல வெட்டுற எடத்துல சிவப்புக் கோடு, அவ்வளவு தான். பிளாஸ்டிக் பாடியோட உள்சுவத்துல இருக்குற மேடு பள்ளத்த எல்லாம் சுரண்டி எடுத்து சுவத்தயும் மெல்லிசாக்கணும்னு ஒரு வரி கூட இல்ல, அது தான் இந்த செட்டோட பெரிய கொறை. இந்தக் கிட்டுக்குன்னே பேரு போட்டு விக்கிறீங்கள்ல, அதயும் சேத்து சொன்னா என்ன?

கட்டைய அறுக்க ஆக்சா பிளேடு வேண்டவே வேண்டாம், பல்லு பெருசு, பாதி டப்பும் சேந்து பேந்துரும். மதுரை தெற்கு ஆவணி மூல வீதிப் பக்கம் நகை வேலை செய்ற ஆசாரிங்களுக்கு சாமான் விக்கிற கடை இருக்கும்ல, அங்க போங்க. நூல் மாதிரி மெல்லிசா வெட்டுற ரம்பம், அதுக்கு பிளேடு, சின்னச் சின்ன அரம், எல்லாம் கெடைக்கும், வெளிநாட்டுல இருந்து மாடல் டூல்னு வரவழைக்கிறதுக்கு ஆகுற காசுல ஒரு பங்கு தான் ஆகும். கடைக்காரரு "என்ன தம்பி, தங்கமா வெள்ளியா?"ன்னு கேட்டாரு, "இல்லண்ணே, சின்ன விமானத்துக்கு, பிளாஸ்டிக் மாதிரி ஒன்ன அறுக்கணும்"னு கைல இருந்த டப்ப காட்டுனேன், திருப்பித் திருப்பிப் பாத்துட்டு 4/0 நம்பர் பிளேடு எடுத்துக் குடுத்து, "மெழுகுல ஒரு இழுப்பு இழுத்துட்டு அறு, சிக்காம போகும்"னாரு. அப்படியே தான் போச்சு, வெண்ணெய்யா போச்சுன்னு சொல்லலாம்.

மிச்சத்த தேய்க்கணும். கார் பெயிண்ட் கடையில விக்கிற வாட்டர் பேப்பர், 220 நம்பர்ல ஆரம்பிச்சு 400, 600னு போங்க, கண்ணாடித் துண்டு மேல பேப்பர வச்சு, தண்ணி ஊத்தி, டப்ப எட்டு போடுற மாதிரி சுத்தித் தேய்ங்க, அப்பத் தான் தரை ஒரு பக்கமா சாயாது. ரெசின் தூசி நெஞ்சுக்கு ஆகாது, மாஸ்க் போட்டே ஆகணும், ஈரத்துல தேய்ச்சா தூசியே பறக்காது, வீட்டுல பிள்ளைக இருந்தா காய்ஞ்ச தேய்ப்பே வேண்டாம். எப்ப நிறுத்துறதுன்னா, அப்பப்ப எடுத்து டியூப் லைட்டுக்கு நேரா பிடிச்சுப் பாருங்க, தரை வழியா வெளிச்சம் லேசா ஊடுருவித் தெரிய ஆரம்பிச்சா அதுக்கு மேல ஒரு இழுப்பு கூட கூடாது. ஒட்டாம வச்சுப் பாருங்க, எடுங்க, தேய்ங்க, திரும்ப வச்சுப் பாருங்க. சக்கரக் குழியோட மேல்பக்கத்தயும் கொஞ்சம் தேய்ச்சுக்கிட்டா டப்ப ரொம்ப கஷ்டப்படுத்த வேண்டியதில்ல.

பெயிண்டுக்கு முன்னாடி எல்லா ரெசினயும் பாத்திரம் கழுவுற சோப்பு, பழைய டூத் பிரஷ் வச்சுக் கழுவிருங்க. அச்சுல இருந்து கழட்டுறதுக்குப் போட்ட எண்ணெய்ப் பசை அப்படியே இருக்கும், அது மேல பெயிண்ட் அடிச்சா மாஸ்கிங் டேப்போட சேந்து உரிஞ்சு வரும். வளைஞ்ச பார்ட்ட வெந்நீர்ல போட்டு எடுத்து நிமித்திறலாம்.

பிளாஸ்டிக் சிமெண்டு ரெசின்ல ஒட்டவே ஒட்டாது, அது பிளாஸ்டிக்க கரைச்சு ஒட்டுறது, ரெசின அதால கரைக்க முடியாது. சூப்பர் குளூ, இல்லாட்டி ரெண்டு டியூப் கலந்து போடுற அரால்டைட். டப்புக்கு நான் அரால்டைட் தான் சொல்லுவேன், ஒட்டுன பெறகும் நகத்தி சரி பண்ண நேரம் கெடைக்கும், நம்மூரு வெயில்ல சூப்பர் குளூவ வச்சு யோசிக்கக் கூட நேரம் இருக்காது. முக்கியமா, சூப்பர் குளூவோட ஆவி கண்ணாடில பட்டா வெள்ளையா புகை படிஞ்ச மாதிரி ஆயிரும், அதனால உள் வேலை எல்லாம் முடிஞ்சு நல்லாக் காத்தாடக் காய்ஞ்ச பெறகு தான் கேனோப்பி பக்கமே போகணும். பிஸ்ல கேனோப்பி வலது பக்கமா தெறக்கும், கீல் சரியா அந்தப் பக்கம் வருதான்னு பாத்துக்கங்க.

சக்கரம் அருமை. கண்ண மூடிக்கிட்டு வாங்கலாம். கிட்டு சக்கரம் ரெண்டு பாதியா வந்து நடுவுல கோடு விழும், தேய்ச்சா டயர் பட்டன் போயிரும். ரெசின்ல ஒரே துண்டு, கீழ லேசா அழுந்தி, வெயிட்டு தாங்குற மாதிரி இருக்கு, அந்த அழுந்துன பக்கம் தரைய பாக்குற மாதிரி ஒட்டணும், அவ்வளவு தான் வேலை. ஆனா ரெசின் கால், அதாவது லேண்டிங் கியர் கால்னு எந்தக் கம்பெனி வித்தாலும் மதுரைக்கு வேண்டாம். சித்திரை வைகாசி சூட்டுல, அதுவும் மொட்டை மாடிக்குக் கீழ ரூம்னா, மெல்லிசான ரெசின் வெயிட்டுல கொஞ்சம் கொஞ்சமா வளைஞ்சிரும், ஒரு நாள் பாத்தா விமானம் முட்டி போட்டுக்கிட்டு நிக்கும். கிட்டோட பிளாஸ்டிக் காலயே வச்சுக்கங்க.

நாசில் சுமார் தான். உள்ள வேலைப்பாடு நல்லாருக்கு, ஒத்துக்கிறேன், ஆனா ஷோகேஸ்ல பின்பக்கம் செவுத்தப் பாத்து நிக்கிற மாடலுக்கு அந்தக் காசு ஜாஸ்தி. வெயிட்டும் ஏறும். போடுறதா இருந்தா பாடிய மூடுறதுக்கு முன்னாடி எல்லாத்தயும் டேப் போட்டு நிறுத்தி, பின் சக்கரம் வர்ற எடத்துல விரல வச்சுத் தூக்கிப் பாருங்க, வால் கீழ போச்சுன்னா மூக்குக் கோனுக்குள்ள தூண்டில் ஈயக் குண்டு போட்டு அரால்டைட்ல ஒட்டிருங்க.

தனித்தனியா விக்கிற கடையில வாங்குனா மொதல்ல சக்கரம், அப்புறம் சீட்டு, இந்த ரெண்டும் சேத்தாலும் முழு செட்டு விலையில பாதி கூட வராது, கிட்டு காக்பிட்டுக்குள்ளயே இந்த சீட்டு லேசா இடுப்புல தேய்ச்சா உக்காந்துரும். டப்பும் டேஷ்போர்டும் ஒரு ரெசின் வேலையாவது பண்ணிப் பழகுன கைக்கு. பிளேடு வாங்கப் போறவங்க 4/0 ஒரு கட்டா வாங்கிக்கங்க, மெல்லிசுங்கறதால ஒடியும், மெழுகும் அங்கயே கேட்டா குடுப்பாய்ங்க.